நான்கு பெட்டிகளுக்குப் பாதி ஓய்வு

கணினிப் பிரிவில் எனக்குப் பின் வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் அழைத்து ஒரு கேள்வி கேட்டார். சர்வர்களின் உடல்நிலையைக் காட்டும் ப்ளக்-இன் என்னும் துணைமென்பொருள், ஒரு சர்வரில் பழுது தெரிந்தால் அதில் ஓடும் வேலைகளைத் தானாகவே அடுத்த சர்வருக்கு மாற்றக்கூடியது. நம் ஜவுளிக்கடையில் மட்டும் அந்த வசதி ஏன் 'ஆள் பார்த்து அனுமதிக்கட்டும்' என்ற நிலையில் கிடக்கிறது, யார் அப்படி வைத்தது, இப்போது மாற்றலாமா என்று கேட்டார்.

வைத்தது நான். மாற்றுவதா வேண்டாமா என்பது இனி உங்கள் பொறுப்பு. ஆனால் அது வைக்கப்பட்ட நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். எதை எழுதினாலும் மாதத்தையும் கிழமையையும் சரிபார்த்துக்கொள்வது என் வழக்கம். ஊர் வரலாறுகளைப் படித்துப் படித்து ஒட்டிக்கொண்டது அது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை தி.நகரில் இருக்க, கணினிப் பிரிவு மட்டும் ஏன் மயிலாப்பூரில், லஸ் பக்கத்து மாடியில் இருக்கிறது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். தி.நகரில் ஓர் ஆள் உட்காரும் இடத்தில் ஓர் அலமாரி புடவை வைக்கலாம் என்பது அண்ணாச்சியின் கணக்கு. அண்ணாச்சி என்றால் நம் முதலாளி. உங்களுக்கு அவரைத் தெரியும், ஆனால் அப்போது அவர் முழங்கால் நன்றாக இருந்தது, தினமும் எல்லா மாடிக்கும் போவார். கணக்குப் பிரிவையும் எங்களையும் மயிலாப்பூருக்கு அனுப்பினாரே தவிர, சர்வர்களை அனுப்பவில்லை. அவை பில் போடும் இயந்திரங்கள், கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். ஆகவே ஐந்தாம் மாடியில், பட்டுக் கிடங்கை ஒட்டிய அறையில் நான்கு சர்வர்கள் தங்கிவிட்டன. அவற்றோடு, அவற்றைப் பராமரிக்கும் துரையும் தங்கிவிட்டான்.

நாங்கள் இருவரும் அவற்றைப் பெட்டி என்றுதான் சொல்வோம். நான்கு பெட்டிகளுக்குள் பில்லிங், கிடங்குக் கணக்கு, சம்பளம் என்று, மென்பொருளாக மட்டுமே இருக்கும் பல கற்பனை இயந்திரங்கள் ஓடின. அந்தக் கற்பனை இயந்திரங்களை நான் மயிலாப்பூரில் உட்கார்ந்து வெப் கன்சோல் என்னும் கண்காணிப்புத் திரையில் பார்ப்பேன். ஆனால் பெட்டியின் விசிறி சுழல்கிறதா, டிஸ்கில் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்பது அந்தக் கன்சோலுக்குத் தெரியாது. வாடகைக்கு இருப்பவர்களை அது அறியும், வீட்டை அறியாது. வீட்டைப் பார்க்கத் துரை இருந்தான்.

தினமும் காலையில் கடை திறக்கும் முன் அவன் அழைப்பான்.

"அக்கா, ஒண்ணு சோக்கா கீது. ரெண்டு சோக்கா கீது. மூணு கொஞ்சம் மூச்சு வாங்குது. நாலு, அது பாட்டுக்குத் தூங்குது."

"மூணுக்கு என்ன?"

"கிடங்கு கதவத் தொறந்து வெச்சிக்கினு பொட்டணம் பிரிக்கிறானுங்க. பஞ்சு பஞ்சா வருது. அத்தத்தான் இழுக்குது. தொடச்சி வுட்டேன்."

இவ்வளவுதான் வேலைக்கான பேச்சு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அழைப்பு ஒருநாளும் ஒரு நிமிடத்தில் முடிந்ததில்லை. அவன் ஃபோனில் எனக்கு விசிறிகளின் இரைச்சல் கேட்கும், அதற்குப் பின்னால் லிஃப்ட் மணி, அதற்கும் பின்னால் கீழ்த்தளத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்ப்பது. என் ஃபோனில் அவனுக்கு மாட வீதி கேட்கும். பங்குனியில் நாயனச் சத்தம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, "இன்னாக்கா, தேரு கெளம்பிடுச்சா?" என்பான். ஆடித் தள்ளுபடி நாட்களில் தெருவில் எந்த முனைவரை கூட்டம் நிற்கிறது என்று சன்னல் வழியாகப் பார்த்துச் சொல்வான். அவனை நேரில் பார்த்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. எதிரில் வந்தால் குரலைக் கேட்டபின்தான் அடையாளம் தெரியும். ஆனால் என் பணிக்காலத்தில் நான் அதிகம் பேசிய மனிதன் யார் என்று கேட்டால், வீட்டில் இருப்பவர்களைச் சொல்லிவிட்டு அடுத்து அவனைத்தான் சொல்ல வேண்டும்.

ப்ளக்-இன் வந்த கதை ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது. தொற்றுக்காலம் ஓய்ந்து கடைகள் பழையபடி நிறைந்துவிட்ட சமயம், ஆனி மாதம். துரை தன் மச்சினன் கல்யாணத்துக்காக விடுப்பு எடுத்திருந்தான். வடபழனியில் கல்யாணம், அவன் வீடும் அங்கேதான். அவன் இல்லாதபோது ஒரு பெட்டியில் ஒரு டிஸ்க் போயிற்று, அது மாற்றப்படாமலே இன்னொன்றும் போயிற்று. என் கன்சோலில் எல்லாம் பச்சை. கடைசியில் கிடங்குக் கணக்கு நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. துரை பட்டு வேட்டியோடு மண்டபத்திலிருந்து ஓடிவந்து டிஸ்க் மாற்றினான்.

அண்ணாச்சி என்னை அழைத்தார்.

"ஏம்மா, ஒரு ஆளு கல்யாணத்துக்குப் போனா கட நிக்கணுமா? அவன் கண்ணால பாக்கத ஒங்க டிவிப் பெட்டியில பாக்க முடியாதா?"

முடியும் என்றேன். சர்வர் செய்த நிறுவனமே ஒரு ப்ளக்-இன் தருகிறது, அதைக் கன்சோலில் சேர்த்தால் விசிறி முதல் டிஸ்க் வரை எல்லாம் ஒரே திரையில் தெரியும் என்று சொன்னேன்.

"அப்ப துரை அங்க எதுக்கு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். "திருநவேலியில புதுக் கட தொறக்கோம்லா. அங்க மிசின பாக்க ஆளு வேணும். இது நல்லபடியா ஓடுச்சுன்னா அவன அங்க அனுப்பிருவோம்."

இப்படித்தான் விஷயம் வெட்டவெளிச்சமாக எங்கள் முன்னால் வைக்கப்பட்டது. ப்ளக்-இன் ஓடினால் துரை திருநெல்வேலி. ஓடாவிட்டால் துரை ஐந்தாம் மாடி. வடபழனியில் பிறந்து அங்கேயே வளர்ந்தவன் அவன். மகள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். அம்மா முருகன் கோயில் வாசலை விட்டு ஒரு வாரம் வெளியே இருந்தவர் இல்லை. திருநெல்வேலியை அவன் அல்வாப் பொட்டலத்தின் மேல் அச்சடித்த எழுத்தாக மட்டுமே அறிந்திருந்தான்.

மறுநாள் காலை அழைப்பில், மூன்றும் நான்கும் சொல்லி முடித்தபின் கேட்டான்: "எப்பக்கா அத்தப் போடப் போறோம்?"

"உனக்கு அவசரமா?"

"இல்ல. வர்ற பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு தெரிஞ்சா நின்னுக்கினு இருக்கலாம் பாரு."

ஆவணியில் போட்டோம். நிறுவும் விதத்தை எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். எல்லாம் சரியாக முடிந்தும் கன்சோலின் பட்டியலில் அது தோன்றவில்லை. நான் மயிலாப்பூரில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவன் பெட்டிகளுக்கு முன் நிற்கிறான்.

"வந்திச்சா?"

"வரலை."

"வுட்டுடலாமா?" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டு பேருமே கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தோம். பிறகு அவனே, "ஒருதபா வெளிய வந்துட்டு உள்ள போக்கா. புதுசா எது போட்டாலும் அப்படித்தான் கண்ணுல படும்" என்றான். வெளியேறி மறுபடி நுழைந்தேன். பட்டியலில் புதிதாக ஒரு வரி இருந்தது. சொடுக்கினேன். நான்கு பெட்டிகளும் திறந்துகொண்டன.

சரிபார்க்க வேண்டும் அல்லவா? எத்தனையோ ஆண்டுகளாக அவன் படிக்க நான் கேட்டேன். அன்று நான் படிக்க அவன் கேட்டான். முதல் பெட்டி, விசிறிகள் எல்லாம் சரி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பெட்டியின் முன்பக்கம் மற்றவற்றைவிடச் சற்றுச் சூடு.

"கிடங்குக் கதவு திறந்திருக்கா துரை?"

காலடிச் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"தொறந்துதான் கீது" என்றான். "அங்க குந்திக்கினே பாத்துட்டியேக்கா."

புரட்டாசியில், தானாக வேலையை மாற்றும் வசதியையும் அண்ணாச்சி போடச் சொன்னார். தீபாவளி விற்பனை வருகிறது, ஒரு பெட்டி படுத்தால் அடுத்த பெட்டி ஆள் சொல்லாமலே சுமக்கட்டும் என்றார். நியாயமான பேச்சு. சோதித்தும் பார்த்தோம். துரை ஒரு பெட்டியின் விசிறியை உருவினான். அடுத்த கணம் அந்தப் பெட்டி நலமில்லாதது என்று முத்திரை விழுந்தது. அதிலிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக மற்ற மூன்றுக்கும் நகர்ந்தன, பெட்டி காலியானது, ஒரு பில்கூடத் தடைப்படவில்லை. எனக்கே கைதட்டத் தோன்றியது. விசிறியை உருவிப் பார்த்தோம். டிஸ்கை உருவிப் பார்த்தோம். மின்வயரை உருவிப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்றால், வயரை உருவுவது எங்கள் கடையில் பழுது அல்ல, பூஜை.

இதை விளக்க வேண்டும். ஆயுத பூஜை அன்று கடையின் கத்தரிக்கோலும் அளவுகோலும் சாமி படத்தின் முன் ஓய்வெடுக்கும், மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்தபின்தான் கையில் எடுப்பார்கள். அன்று துணி அளக்கத் தனியாக ஒரு கோல் இரவல் வாங்கிவைப்பது அண்ணாச்சியின் அப்பா காலத்து ஏற்பாடு. சர்வர்கள் வந்த முதல் ஆண்டு அண்ணாச்சி ஐந்தாம் மாடிக்கு வந்து, எல்லாம் ஓய்வெடுக்கிற நாளில் இது மட்டும் இரைந்துகொண்டிருக்கிறதே என்று சங்கடப்பட்டாராம். நிறுத்தினால் பில் கிடையாது. அப்போது துரைதான் வழி சொன்னான். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் இரண்டு மின்வயர்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு தனி யு.பி.எஸ்.ஸிலிருந்து வருவது. ஒன்று போனாலும் மற்றதில் ஓடும். ஒன்றை உருவிக் குங்குமம் வைத்துச் சாமி முன் வைத்துவிடலாம்.

"அப்ப பாதி ஓய்வு" என்றாராம் அண்ணாச்சி. "சாமி ஒத்துக்கிடும்."

அன்றிலிருந்து அது வழக்கம். ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பூஜையை நான் ஃபோனில் கேட்பேன். மணி அடிக்கும், துரை வயரை உருவும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், நான்கு முறை. மயிலாப்பூரில் நான் கைகூப்புவேன்.

அந்த ஆண்டு சரஸ்வதி பூஜை ஐப்பசி பிறந்தபின், ஒரு திங்கட்கிழமை வந்தது. தீபாவளி நெருங்கிவிட்டதால் கடை திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். துரை அழைத்தான். மணி அடித்தது. நான்கு 'டக்'. நான் கைகூப்பினேன். "சுண்டல்ல எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வை" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எங்கள் அலுவலகப் பூஜை முடித்து, பொரி தின்றுகொண்டே இருக்கைக்கு வந்தபோது திரை முழுக்கச் சிவப்பு.

முதல் பெட்டி காலி. இரண்டாவது காலி. மூன்றாவது காலியாகிக்கொண்டிருந்தது. நான்குமே 'மின்சாரத்தில் ஒரு பக்கம் இல்லை' என்றன. நான்காவது பெட்டியையும் காலி செய்யத்தான் அது விரும்பியது. போக வேறு இடமில்லாததால் விட்டுவைத்திருந்தது. கடையின் மொத்த வேலையும் அந்த ஒரு பெட்டியின் தலையில் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. கேஷ் கவுண்டரிலிருந்து அழைப்பு வந்தது: ஒவ்வொரு பில்லும் வெகுநேரம் எடுக்கிறது, வரிசை படிக்கட்டில் ஏறிவிட்டது. அடுத்து அண்ணாச்சி.

"ஏம்மா, என்ன நடக்கு?"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என் மனம் மிக ஒழுங்காக, மிகத் தவறாக வேலை செய்தது. நான்கு பெட்டிக்கும் ஒரே பக்க மின்சாரம் ஒரே சமயத்தில் போயிருக்கிறது. அப்படியானால் பழுது பெட்டியில் இல்லை, இரண்டு யு.பி.எஸ்.களில் ஒன்று செத்துவிட்டது. இரண்டாவது எப்போது வேண்டுமானாலும் சாகலாம். அது செத்தால் பில்லிங் பாதியில் அறுந்து விழும், அன்றைய கணக்கு முழுக்கக் குழம்பும். ஆகவே இப்போதே எல்லாவற்றையும் முறைப்படி நிறுத்துவதுதான் சரி. ஆண்டின் பெரிய விற்பனை நாட்களில் ஒன்றில், நிரம்பிய கடையில், பில் போடுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

நான் துரையை அழைத்தேன். எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. திரையில் எல்லாம் தெரிகிறது, அவன் கண்ணால் பார்ப்பதைவிட அதிகமாகவே தெரிகிறது, இனி எதற்குக் காத்திருப்பது என்று ஓர் எண்ணம் வந்தது. ஆனால் அவன் பார்த்துச் சொல்லாமல் ஒரு பெட்டியைப் பற்றியும் நான் முடிவெடுத்ததில்லை. பழக்கம்தான் என்னைத் தடுத்தது, அறிவு அல்ல.

"அண்ணாச்சி, துரை எங்கே இருந்தாலும் அஞ்சாவது மாடிக்கு அனுப்புங்க. அதுக்கப்புறம் சொல்றேன்."

துரை கீழ்த்தளத்தில் விற்பனைப் பெண்களுக்குப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தானாம். லிஃப்ட் முழுக்கக் கூட்டம். படியேறி வந்தவன் மூச்சிரைத்துக்கொண்டு அழைத்தான்.

"இன்னாக்கா? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, எல்லாம் சோக்கா கீது."

"நாலு பெட்டியிலும் ஒரு பக்கம் கரண்ட் இல்லை துரை. யு.பி.எஸ். போயிடுச்சு. ஓடிப் போய்ப் பாரு."

"அதெப்டிப் போவும்? பச்ச லைட்டு எரிஞ்சிக்கினு கீது."

"பெட்டிக்குக் கரண்ட் வரலைன்னு திரையில வருது."

"வராதுக்கா. ஒயரு சாமிகிட்டல்ல கீது."

விசிறிகள் மட்டும் இரைந்தன.

"அட பேஜாரே" என்றான் துரை, மிக மெதுவாக. "அதுக்கு யாரும் சொல்லலியா, இன்னிக்கு பூஜன்னு?"

எங்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு அது. வயரை உருவியது அவன். உருவிய சத்தத்தைக் காதால் கேட்டுக் கைகூப்பியது நான்.

அதற்குள் அண்ணாச்சி லிஃப்டில் ஐந்தாம் மாடிக்கு வந்துவிட்டார். துரை ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான். விஷயத்தைச் சொன்னதும், வயரைத் திரும்பச் செருகிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆகும் என்றேன். ஆனால் மறுபூஜை ஆகாமல் சாமி முன் வைத்ததை எடுக்க வேண்டும், அதைச் சொல்லும்போதே அவர் குரல் தயங்கியது.

"எடுக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "ஒரு பக்கத்துல பெட்டி நல்லா ஓடும், இத்தனை வருஷமா ஓடியிருக்கு. தானா மாத்துற வேலையை மட்டும் நிறுத்திடறேன்."

நிறுத்தினேன். காலியாகக் கிடந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வேலைக்கு எடுத்தேன். வேலைகள் தம் பழைய பெட்டிகளுக்குத் திரும்பின. கேஷ் கவுண்டரில் பில் பழைய வேகத்துக்கு வந்தது. படிக்கட்டு காலியாவதைத் துரை எட்டிப் பார்த்துச் சொன்னான்.

அப்போதுதான் அண்ணாச்சி அதைச் சொன்னார். "இந்த எழவே வேண்டாம்மா. தூக்கிப் போட்டுருங்க. நம்ம வழக்கம் அதுக்குத் தெரியல. துரை இருக்கான்லா, அவன் கண்ணு போதும்."

நான் வேண்டியதெல்லாம் அந்தச் சில வாக்கியங்களில் இருந்தது. 'சரி அண்ணாச்சி' என்று ஒரு சொல் போதும். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறுநாள் காலை ஃபோன் அடிக்கும், ஒண்ணு சோக்கா கீது, ரெண்டு சோக்கா கீது. துரையின் மகள் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் போவாள். அந்த முனையில் துரையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மூச்சு இன்னும் சீராகவில்லை.

"அது சொன்னது நிஜம் அண்ணாச்சி" என்றேன். "ஒரு பக்கம் கரண்ட் இல்லைன்னுச்சு. இல்லைதான். நாம எடுத்துட்டு அதுகிட்ட சொல்லாம விட்டோம். கண்ணு அதுக்கு நல்லாத்தான் இருக்கு. கையைத்தான் கட்டி வைக்கணும்."

"அப்ப கையக் கட்டிட்டு வச்சிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கீழே போனார்.

அன்றே அந்த வசதியை 'ஆள் பார்த்து அனுமதிக்கட்டும்' என்று வைத்தேன். உங்கள் கேள்விக்கு விடை இதுதான். ஆயுத பூஜை அன்று மட்டும் அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், அன்றைக்கு அணைக்க வேண்டும் என்று அறிந்த ஆள் இருக்கும் வரை. இந்த வழக்கத்தை அறியாத ஒருவர் இந்த நாற்காலியில் உட்காரும் ஆண்டு ஒன்று வரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் நீங்கள்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான்கு பெட்டிகள் ஒரே குறையை ஒரே சமயத்தில் சொன்னால், எதையும் நிறுத்தும் முன் அவற்றுக்கு அருகில் நிற்கும் ஒரு மனிதனைக் கேளுங்கள்.

அண்ணாச்சி போனபின் துரை ஃபோனை ஸ்பீக்கரிலிருந்து எடுத்தான்.

"ஒரு சரின்னு சொல்லிர்ந்தா திருநெல்வேலி தப்பிச்சிர்க்கும்க்கா."

"உனக்குக் கோபமா?"

"கோவம் இன்னாக்கா கோவம்." பொரி மெல்லும் சத்தம் கேட்டது. "நீ சரின்னு சொல்லிட்டா நான் இன்னா பண்றது, குறுக்க பேசணுமேன்னு யோசிச்சிக்கினே நின்னேன். நீ சொல்லல. எனக்கு ஒரு வேல மிச்சம்."

தை பிறந்து, பொங்கல் முடிந்த வாரம் அவன் கிளம்பினான். மகள் பள்ளிப்படிப்பு முடியும்வரை குடும்பம் வடபழனியிலேயே இருக்கும் என்று ஏற்பாடு. கிளம்பும் முன் மயிலாப்பூர் அலுவலகத்துக்கு வந்தான். எதிரெதிரே உட்கார்ந்தபோது இருவருக்கும் பேச வரவில்லை. காபி குடித்தோம். என் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "தேரு இந்தப் பக்கமாத்தான் வருமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்கு நான் திரையைத் திறந்தேன். நான்கு பெட்டிகளும் தெரிந்தன. விசிறிகள் சரி, டிஸ்குகள் சரி, மூன்றாவது சற்றுச் சூடு. எல்லாம் தெரிந்துகொள்ள நான் எடுத்துக்கொண்ட நேரம், ஒரு வாய் காபி. அதன்பின் அந்தக் காலைப்பொழுது என்ன செய்வதென்று தெரியாமல் என் முன் கிடந்தது. மாட வீதியில் என்ன நடந்தாலும் அதைக் கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. அந்த வருடப் பங்குனியில் நாயனம் வந்தபோது ரிசீவரை எடுத்து, யாருக்கும் டயல் செய்யாமல் வைத்தேன்.

சித்திரையில் திருநெல்வேலிக் கடை திறந்தது. அங்கிருந்த பெட்டிகளும் அதே கன்சோலில், அதே ப்ளக்-இன்னில் சேர்ந்தன. எனவே துரை உட்கார்ந்திருக்கும் அறையின் வெப்பம் எனக்குத் தினமும் காலையில் தெரிந்தது. அவன் எப்படி இருக்கிறான் என்பது தெரியவில்லை. அழைக்க எனக்குக் காரணம் ஏதும் இல்லை. இருவருமே வேலையைச் சாக்காக வைத்துப் பேசிப் பழகியவர்கள், சும்மா அழைக்கும் வழக்கமே எங்களுக்குள் இருந்ததில்லை. ஆகவே ஒரு கோடை முழுக்க அந்த வெப்ப எண்ணை மட்டும் பார்த்தேன்.

ஆனியில் ஒரு புதன்கிழமை அழைத்துவிட்டேன்.

"துரை, உன் ரூம் கொஞ்சம் சூடா இருக்கோ?"

"இல்லியேக்கா. ஜில்லுன்னு கீது. ஏசி புச்சு."

"சரி. திரையில பார்த்தேன். அதான் கேட்டேன்."

"திரையில சூடுன்னா போட்டுக்கீது?"

"இல்லை" என்றேன்.

அந்த ஊர் விசிறிகளின் சத்தம் கேட்டது. யாரோ திருநெல்வேலிப் பேச்சில் அவனைக் கூப்பிட்டார்கள், "வாரேன்" என்று இவன் அவர்கள் மாதிரியே பதில் சொன்னான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"இப்பப் பாத்தா கொஞ்சம் சூடாத்தான்க்கா கீது" என்றான். "எதுக்கும் டெய்லி காலைல ஒருதபா கேட்டுக்க."

அன்றிலிருந்து நான் ஓய்வுபெற்ற நாள் வரை அந்த அறை கொஞ்சம் சூடாகவே இருந்தது. திரையில் எண் ஒருநாளும் ஏறவில்லை. ஓய்வுபெற்ற அன்று மாலை, முறைப்படி, என் கன்சோல் அனுமதியை மூடினார்கள். இப்போது அந்த எண்ணைப் பார்க்க எனக்கு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.